ஒரு கிணறு என்று எழுதினீர்கள்

கிணற்றில் மீன் விட்டவன் முள்ளும் போட வேண்டும். எங்கள் கரிசல் பக்கத்தில் இது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். சீமைக்கருவேலக் கிளைகளை வெட்டி, கல்லைக் கட்டித் தண்ணீருக்குள் இறக்கிவிட்டால் மீன் திருடுகிறவன் வலையோடு கிட்டே வரமாட்டான். வந்தால் வலை கிழியும். இதில் ஒரு மரியாதையும் உண்டு. ஒரு கிளையை மட்டும் தண்ணீருக்கு மேலே தலை நீட்டும்படி விடுவார்கள். குளிக்க வருகிறவன் அதைப் பார்த்துவிட்டு வேறு கிணறு தேடிப் போய்விடுவான்.

நீங்கள் மீனைப் பற்றிக் கேட்க வரவில்லை, தெரியும் தம்பி. எட்டு வருஷத்துக்கு முன்னால் செல்வமாரியைப் பற்றிப் பத்திரிகையில் எழுதினது நீங்கள்தான். அந்த நீச்சல்காரி இப்போது எங்கே என்று எழுத மறுபடி வந்திருக்கிறீர்கள். வந்த இடத்தில், பேச்சோடு பேச்சாக எனக்கு ஒரு விஷயம் சொன்னீர்கள். பதிலுக்கு நானும் ஒன்று தர வேண்டும். வாங்கிக்கொண்டு சும்மா இருக்கிற பழக்கம் எங்கள் வம்சத்தில் இல்லை. டீயைக் குடியுங்கள், ஆறிவிடும்.

எனக்குக் கோவில்பட்டியில் இந்தத் தீப்பெட்டி ஆபீஸ். தொழிற்சாலையை இங்கே அப்படித்தான் சொல்லுவோம். எங்கள் அப்பா மிளகாய் வற்றல் மண்டி வைத்திருந்தார். நான் நடை பழகியது சாக்கு மூட்டைகளுக்கு நடுவில். ‘வாங்க வந்தவன்தான் குறை சொல்லுவான், புகழ்கிறவன் வேடிக்கை பார்க்க வந்தவன்’ என்று எனக்கு அரிச்சுவடிக்கு முன்னால் சொல்லிக்கொடுத்தார். பசுவந்தனை ரோட்டில் ஒரு தோட்டம் இருக்கிறது. சுற்றுப்பக்கத்துக் கிணறெல்லாம் சித்திரையில் பல்லைக் காட்டும்போது என் கிணற்றில் ஆள் முழுகத் தண்ணீர் நிற்கும். மாடக்கண்ணு என்று புதூர்ப் பக்கத்து ஆட்டுக்காரர் ஒருவர், அறுப்பு முடிந்ததும் என் காட்டில் ஆட்டுக் கிடை போடுவார். காட்டுக்கு உரம். அவர் மகள் கிணற்று மேட்டிலிருந்து குதிப்பாள். அப்படித்தான் செல்வமாரியைப் பார்த்தேன். பாவாடையைத் தார் பாய்ச்சிக் கட்டிக்கொண்டு, மோட்டார் குழாய்க்கும் படிக்கும் நடுவே போய்ப் போய்த் திரும்பிக்கொண்டிருந்தாள்.

பார்த்தவுடனே சரக்கு தெரிந்துவிட்டது. வாய் திறந்து புகழவில்லை. “காலு ஏன் இப்பிடி வளையுது?” என்றுதான் கேட்டேன்.

கிணறு சின்னது, நான்கு வீச்சு போட்டால் சுவர் வந்துவிடும். அதனால் அந்தப் பிள்ளை நீந்தினதைவிடத் திரும்பினதுதான் அதிகம். திருநெல்வேலி நீச்சல் குளத்தில் முதல் போட்டிக்குக் கூட்டிப்போனபோது, சுவரில் கால் வைத்து அவள் திரும்பின திருப்பலில் மற்றப் பிள்ளைகள் ஒரு ஆள் நீளம் பின்னால் போனார்கள். அவளுக்கு அங்கே ஒன்றே ஒன்றுதான் பிடிக்கவில்லை.

“அண்ணாச்சி, அடியில தரை தெரியுது. குதிக்கப் பயமா இருக்கு.”

“தரை தெரிஞ்சா நல்லதுதானட்டி?”

“நம்ம கிணறுன்னா ஒண்ணுமே தெரியாது. கண்ண மூடிக்கிட்டுக் குதிச்சிரலாம்.”

நம்ம கிணறு என்றாள். அந்த வார்த்தை எனக்கு இனித்தது.

நீச்சல் உடை வாங்க மதுரைக்கு நானே போனேன். கடைக்காரன் என் வயிற்றைப் பார்த்துவிட்டு, “ஒங்க அளவு வரவழைக்கணுமே சார்” என்றான். முட்டை, பால், பஸ், ரயில், எல்லாம் நான்தான். ஏன் செய்தேன் என்று கேட்டால், எல்லோரும் கோயிலுக்கு டியூப் லைட் உபயம் செய்கிறார்களே, ஏன்? வெளிச்சத்துக்கா? லைட்டில் பெயர் எழுதியிருக்கும். பாதி வெளிச்சத்தை அது மறைக்கும். அதற்காகத்தான்.

அவளிடம் பேசி முடித்துக்கொண்டேன்.

“ஏட்டி, பெரிய ஆளானா ஒன்னய வளத்தது யாருன்னு கேப்பாவ. என்ன சொல்லுவ?”

“ஒங்க பேரத்தான் சொல்லுவேன் அண்ணாச்சி.”

“மறந்துட்டா?”

“மறந்தா இந்தக் கிணத்துலயே தள்ளிவிட்டுருங்க” என்று சொல்லிச் சிரித்தாள். மாடக்கண்ணும் சிரித்தார்.

அந்த ஷரத்து அவள் வைத்தது. நான் கேட்கவில்லை. எங்கள் மண்டியில் எழுத்து கிடையாது, வாய்ச்சொல்தான். சிரித்துக்கொண்டு சொன்னாலும் சொல் சொல்தான்.

மாநிலப் போட்டியில் தங்கம் வாங்கினாள். சென்னை விளையாட்டு விடுதியில் சேர்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டார்கள். அப்போதுதான் நீங்கள் வந்து அவளைப் பேட்டி எடுத்தீர்கள். நான் அதற்கு முன்னாலேயே ஒரு பெண் தண்ணீரில் பாய்கிற படம் போட்டு, ‘நீச்சல்காரி மார்க்’ என்று தீப்பெட்டி லேபிள் அடித்து வைத்துவிட்டேன். பத்திரிகை வருகிற அன்றைக்கு வர்த்தகர் சங்கத்தில் எல்லோருக்கும் கடலைமிட்டாயும் காராச்சேவும் காபியும் சொல்லியிருந்தேன். மந்திரமூர்த்தி எழுந்து நின்று படித்தார். அவரும் தீப்பெட்டிக்காரர். என் சரக்குப் போகிற ஊருக்கெல்லாம் அவர் சரக்கும் போகும்.

‘யார் கற்றுத் தந்தது என்று கேட்டோம். அப்பாதான், ஊர்ப்பக்கம் ஒரு கிணறு இருக்கிறது, அதில்தான் பழகினேன் என்றார் வெட்கத்துடன்.’

அவ்வளவுதான். மேலும் கீழும் தேடிவிட்டுப் பத்திரிகையை மடித்தார்.

“அண்ணாச்சி, ‘ஒரு கிணறு’ன்னு போட்டிருக்கே, அது நீருதானா?”

காபியை முழுங்கினவர்களுக்கெல்லாம் புரையேறிவிட்டது. மறுநாள் கடைத்தெருவில், “ஏலே, ஒரு கிணறு வாராரு, வழி விடுங்க” என்றார்கள். பேங்கிலும் அந்தப் பேச்சுத்தான். முடிவெட்டுகிறவன் என் தலையில் தண்ணீர் தெளித்துவிட்டுத் தானாகச் சிரித்தான். நாற்பது வருஷம் சம்பாதித்த பெயர் தம்பி. ஒரு ஆட்டுக்காரர் மகள் அதைத் தொலைத்துவிட்டுத் தங்க மெடலோடு வருகிறாள்.

வந்தாள். முகத்தில் ஒரு கூச்சமும் இல்லை.

“பேப்பரு பாத்தீங்களா அண்ணாச்சி? எங்க ஊருக்கு வராதுல்லா. நான் சொன்னதெல்லாம் போட்டிருக்காவளா?”

“எல்லாம் போட்டிருக்காவ.”

“சந்தோசமா அண்ணாச்சி?”

“சந்தோசம்.”

என்ன நெஞ்சழுத்தம் என்று நினைத்துக்கொண்டேன். சென்னைக்குப் போவதற்கு முன்னால் நம்ம கிணற்றில் ஒருமுறை குதித்துவிட்டுப் போகிறேன் என்றாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் வரச் சொன்னேன்.

சனிக்கிழமை தோட்டத்து ஆள் சுடலைராஜை வைத்து முள் வெட்டினேன்.

“மொதலாளி, இன்னும் மீனே விடலியே, முள்ளு எதுக்கு?”

“விடப்போறேம்லே.”

“அப்ப ஒரு கெளய வெளிய நீட்டி வைக்கட்டா?”

“வேண்டாம். பாக்க நல்லா இருக்காது. கல்லக் கூடக் கட்டு.”

அவன் என்னை ஒரு பார்வை பார்த்தான். பிறகு கட்டினான். அடுத்த மாதம் திருப்பூருக்கு பஸ் ஏறிவிட்டான்.

மறுநாள் அவள் கிணற்று மேட்டில் நின்று, கிணற்றைத் தொட்டுக் கும்பிட்டாள். அவள் வழக்கம்போலக் கண்ணை மூடிக்கொண்டு குதித்தாள். நான் பம்ப்செட் ரூம் நிழலில் நின்றிருந்தேன். கொஞ்ச நேரம் ஆனது. வேறு பிள்ளையாக இருந்தால் மேலே வந்திருக்காது. அவ்வளவு நல்ல நீச்சல்காரி. முடியெல்லாம் முள்ளோடு வந்து படியைப் பிடித்துக்கொண்டு கத்தினாள்.

“அண்ணாச்சி, உள்ள முள்ளு கெடக்கு. நீங்க எறங்கிராதீங்க.”

முழங்கால் மூட்டுக்குள் முள் ஒடிந்து தங்கிவிட்டது. சீழ் பிடித்தது. அறுத்தார்கள், மறுபடி அறுத்தார்கள். கால் தப்பிற்று, ஆனால் அப்புறம் மடங்கவில்லை. ஆஸ்பத்திரிச் செலவு என்னுடையது. அதில் நான் பேரம் பேசவே இல்லை. மாடக்கண்ணு என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். மீனுக்குப் போட்ட முள் என்று நான் சொன்னேன், ஊரும் அதையே சொன்னது. யாராவது எட்டிப் பார்ப்பார்களே என்று அடுத்த வாரம் ஜிலேபி மீன் குஞ்சு வாங்கிக் கிணற்றில் விட்டேன். நன்றாகப் பெருகிவிட்டது. போகும்போது ஒரு கிலோ பிடித்துத் தரச் சொல்லுகிறேன்.

இப்போது என் ஆபீசில்தான் வேலை செய்கிறாள். கீழே உட்கார முடியாது என்று ஸ்டூல் போட்டுக் கொடுத்திருக்கிறேன். லேபிள் ஒட்டுகிறாள். ‘நீச்சல்காரி மார்க்’ நன்றாக ஓடுகிறது. வரும்போது வாசலில் பேசினீர்களே, என்ன சொன்னாள்? “அண்ணாச்சி இல்லன்னா நான் இல்ல” என்றுதானே? கேட்கிறவர்களிடமெல்லாம் அதைத்தான் சொல்லுகிறாள். மந்திரமூர்த்திகூட இப்போது என்னைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்.

வந்தவுடன் நீங்கள் சொன்ன அந்த விஷயத்துக்கு வருகிறேன். அன்றைக்கும் அவள் என் பெயரைச் சொன்னாளாம். ஆபீஸ் பெயர், தோட்டம், மதுரைக்குப் போய் உடை வாங்கி வந்தது, எல்லாம் சொன்னாளாம். நீங்களும் எழுதி அனுப்பினீர்களாம். பக்கத்தின் அடியில் நகைக்கடை விளம்பரம் வந்துவிட்டதால் அங்கே அந்த வரிகளை வெட்டிவிட்டார்களாம். விளம்பரம் முக்கியம்தான், நானும் வியாபாரிதான். குறை சொல்லமாட்டேன்.

வழியில் சரக்குக் குறைந்தால் லாரிக்காரனைப் பிடிக்க வேண்டும். நான் சரக்கு அனுப்பினவளைப் பிடித்துவிட்டேன். ஆள் மாறிப்போயிற்று. அதற்கு நான் மட்டும் பொறுப்பாக முடியுமா, நீங்களே சொல்லுங்கள்.

பேனாவை மூடவேண்டாம், எழுதுங்கள். முள்ளையும் எழுதுங்கள், நீட்டாத கிளையையும் எழுதுங்கள். என்ன வேண்டுமானாலும் போடுங்கள். பூவனநாதன், தீப்பெட்டி அதிபர், கோவில்பட்டி. இடமில்லை என்று இந்தத் தடவையும் என் பெயரை வெட்டிவிடாதீர்கள்.