கொதிச்சும் வேகாத சோறு

சின்னதா ஒரு கதை சொல்றேன்... பந்தல் ஓரமா நிக்கிறவங்களும் கேட்டுக்கோங்க.

செவ்வாய் கிரகத்துல குடியேறின ஒரு புருஷன் பொண்டாட்டி. நம்ம நாகர்கோவில் பக்கத்து ஆளுங்கன்னே வச்சுக்கோங்க. இன்பராஜ், கிரேஸ்லின். அங்க வெளியே காத்தழுத்தம் இல்லைன்னே சொல்லலாம். கதவைத் திறந்தா செத்தோம்! அதனால இறுக்கி மூடின வீடு, உள்ள அடைச்சு வச்ச காத்து. அது குறைஞ்சா கத்துறதுக்குச் சுவத்துல ஒரு அலாரம்.

அந்த அலாரம் தொட்டதுக்கெல்லாம் கத்துச்சு. இன்பராஜ் என்ன பண்ணினாரு? "சவத்து மூதி, தூங்க விடுதா பாரு"ன்னு அமத்திப் போட்டுட்டாரு. நாம செய்யமாட்டோமா? நாமளும் அதத்தான் செய்வோம்!

கொஞ்ச நாள்ல சோறு வேகல.

"ஏட்டி, என்ன சோறு இது? நறுக்கு நறுக்குன்னு கெடக்கு!"

"ஏங்க, தண்ணி சட்டுனு கொதிச்சிருது... அரிசி மட்டும் வேகமாட்டேங்குது. என்னமோ சரியில்லங்க. எனக்கு மூச்சும் வாங்குது."

"ஆமா... சமைக்கத் தெரியலன்னா மூச்சு வாங்கத்தான் செய்யும்!"

கேட்டீங்களா பேச்சை? ஐயா, காத்தழுத்தம் குறைஞ்சா தண்ணி நல்லா சூடேறுறதுக்கு முன்னாடியே கொதிச்சிரும். பொங்கும்... ஆனா அரிசி வேகுற சூடு அதுல இருக்காது. எங்கேயோ ஊசி முனை ஓட்டை. காத்து போய்க்கிட்டே இருக்கு. அலாரம் சொல்ல வேண்டியதை அந்தப் பிள்ளை கிரேஸ்லின் வாயைத் திறந்து சொல்லிட்டா! இவரு அரிசியைக் குறை சொன்னாரு, அடுப்பைக் குறை சொன்னாரு, மாமியார் வளர்த்த வளர்ப்பைக் குறை சொன்னாரு. சுவத்துப் பக்கம் திரும்பவே இல்ல.

ஒரு நாள் அவ அடுப்படியிலேயே சாஞ்சுட்டா. அப்பத்தான் இவரும் மூச்சு வாங்க ஓடிப்போய் அலாரத்தைப் போட்டாரு. அலறுது... சேத்து வச்ச காத்து சிலிண்டரைப் பாத்தாரு... காலி. குறையக் குறைய அது தானா நிரப்பிப் பாத்து, ஈடு குடுக்க முடியாம, அதுவும் அந்த ஓட்டை வழியாவே போயிருச்சு. ஜன்னலைத் திறக்கலாமா? திறந்தா வெளியே என்ன இருக்கு?

"கிரேஸு... நீ சொன்னப்பவே கேட்டிருக்கணும்ட்டி... ஒரு வார்த்தை பேசுட்டி!"

பேசல. பேசுறதுக்கு மூச்சு வேணுமே, ஐயா!

இந்தக் கதையை எத்தனை ஊருல சொல்லிட்டேன்... எல்லாரும் தலையாட்டுறாங்க, எந்திரிச்சுப் போறாங்க. நம்ம வீட்லயும் ஒருத்தர் "என்னமோ சரியில்ல"ன்னு சொல்லிக்கிட்டுத்தான் இருக்காங்க. நாம அவங்க மேலயே குத்தம் கண்டுபிடிக்கிறோம். பூமியில காத்தை ஆண்டவர் சும்மா குடுத்திருக்காரு, அந்தத் தைரியம் நமக்கு. செவ்வாய்க்கே போனாலும் நாம இதே ஆளுங்கதான்... எனக்கு நம்பிக்கை விட்டுப்போச்சு, நெசமாச் சொல்றேன். இருந்தாலும் கேட்டுக்கிறேன்... சொல்றவங்களுக்கு மூச்சு இருக்கும்போதே கொஞ்சம் காது குடுங்க.