குணமாக வேண்டாத அலர்ஜி

அல்வால் போகும் பஸ். மேம்பால வேலைத் தூசி உள்ளே வந்ததால், எனக்கு முன் சீட்டிலிருந்த இளம்பெண் ஜன்னலை இழுத்து மூடினாள்.

"மூடாதே சுதா. இந்த அலர்ஜி எனக்குக் குணமாக வேண்டாம்" என்றாள், பக்கத்திலிருந்த மூத்தவள். இருவர் கழுத்திலும் ஒரே கம்பெனியின் அட்டை.

"டாக்டர் என்னக்கா சொன்னார்?"

"உடம்பைக் காக்கற செல்லுங்க வெறும் தூசியை எதிரின்னு நினைச்சுச் சண்டை போடுதாம். அதுல மூக்கும் சைனஸும் வீங்கி, கண்ணுல தண்ணி வருதாம். ஸ்ப்ரே குடுத்தார்."

"அடிக்க வேண்டியதுதானே?"

"என் வீட்டுக்காரர் தவறினப்போ ஆபீஸ்ல ஒரு வாரம் விசாரிச்சாங்க. இப்ப நான் அழுதா யாருக்கும் பிடிக்கலை. அலர்ஜின்னு சொல்லிடறேன். இதுவும் சரியாயிட்டா, என்னத்தைச் சொல்லி அழறது?"

இளையவள் ஜன்னலைத் திறந்துவிட்டாள்.