ஜெனிஃபரின் கட்டுரைக்காக நான் செய்த திருத்தம்

அன்புள்ள பிள்ளைகளே, எல்லோரும் சௌக்கியமா? சென்னையில் இருப்பவர்களுக்கு இந்த வெயில் ஒத்துக்கொள்கிறதா? எனக்கு முழங்கால் வலி மட்டும் விட்டபாடில்லை, மற்றபடி குறையில்லை. நம் பழைய மாணவர் குழுவில் நான் அதிகம் எழுதுவதில்லை. ஆரம்பித்தால் நிறுத்தமாட்டேன் என்று உங்களுக்கே தெரியும். இன்று கொஞ்சம் பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

செங்கல்பட்டில் நம் பல்கலைக்கழகத்தில் இருபத்தாறு வருஷமாக, ஆங்கிலப் பத்திரிகைக்குக் கட்டுரை எழுதச் சொல்லிக்கொடுத்து வருகிறேன். உங்களில் பாதிப் பேர் இன்று பத்திரிகை அலுவலகங்களில் இருக்கிறீர்கள். ஆனால் நீங்களெல்லாம் வீட்டிலேயே கொஞ்சம் ஆங்கிலம் கேட்டு வளர்ந்தவர்கள். ஜெனிஃபர் அப்படியில்லை. அவள் அப்பா மோசஸ், சிங்கப்பெருமாள் கோயில் கம்பெனி ஒன்றுக்கு வேன் ஓட்டுகிறார். திருக்கழுக்குன்றம் பக்கம் வீடு. அந்த வீட்டில் ஆங்கிலம் என்றால் பிஸ்கட் உறையில் இருப்பதுதான். முதல் வருஷம் மூன்று வரி எழுதிவிட்டு அழுதாள். மூன்றாம் வருஷம் அவள் நீட்டிய கட்டுரையில் சிவப்பு மையை எங்கே வைப்பதென்று எனக்குத் தெரியவில்லை.

மாமல்லபுரம் போகும் சாலையோரம் கைவிடப்பட்ட ஒரு கல்குவாரி இருக்கிறது. பள்ளம் முழுக்க மழைத்தண்ணீர், பச்சைக் கண்ணாடி மாதிரி. ஓரத்தில் முழங்காலளவு, அடுத்த அடி வைத்தால் நாற்பது அடி ஆழம். ஆறு வருஷத்தில் நான்கு பேர் போயிருக்கிறார்கள். ‘எச்சரிக்க அங்கே ஒரு பலகை இல்லை, தடுக்க ஒரு கயிறு இல்லை’ என்றுதான் கட்டுரையைத் தொடங்கியிருந்தாள். சென்னையில் ஓர் ஆங்கிலப் பத்திரிகை அதை ஞாயிற்றுக்கிழமை அவள் பெயரோடு போட ஒப்புக்கொண்டது. அதே பத்திரிகையின் பயிற்சிப் படிப்புக்கு விண்ணப்பிக்கத் திங்கட்கிழமை கடைசி நாள். அச்சில் வந்த கட்டுரை ஒன்று இல்லாவிட்டால் விண்ணப்பத்தைப் பிரித்தே பார்க்கமாட்டார்கள்.

வியாழக்கிழமை மத்தியானம் ஜெனிஃபர் போன் செய்தாள்.

“மேடம், எங்கப்பாவும் சர்ச் ஆளுங்களும் சேந்து அங்க போர்டு வச்சிட்டாங்க. சுத்தி கயிறும் கட்டிக்கீறாங்க. ஆர்ட்டிகிள் இப்போ பொய்யாப் பூடுச்சே. நல்ல விஷயந்தான், ஆனா இன்னா மேடம் பண்றது?”

யாரிடமும் சொல்லாதே, நான் போய்ப் பார்க்கிறேன் என்றேன். பத்திரிகைக்குச் சொன்னால் என்ன பதில் வரும் என்று உங்களுக்குத் தெரியும். பலகை வைத்தாகிவிட்டதா, அப்புறம் எதற்குச் செய்தி என்பார்கள். ராத்திரி உட்கார்ந்து நிதானமாக யோசித்தேன். கட்டுரையை மாற்றினால் ஒரு பெண்ணின் வாழ்க்கை போகும். பலகையை மாற்றினால் யாருக்கும் ஒன்றும் போகாது. திங்கட்கிழமை திரும்ப வைத்துக்கொள்ளலாம்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பஸ் ஏறினேன். ஜன்னலோரமே இடம் கிடைத்தது. குவாரி ஓரத்தில் இரண்டு சவுக்குக் கம்பு நட்டு, அதில் தகரம் அடித்து, ‘ஆழம் அதிகம், இறங்காதீர்’ என்று மோசஸ் சிவப்பில் எழுதியிருந்தார். அழகான கையெழுத்து. சுற்றிலும் மஞ்சள் நைலான் கயிறு. என் முழங்காலை வைத்துக்கொண்டு நான் எதைப் பிடுங்குவது? பழைய இரும்பு வாங்கும் துரை மூன்று சக்கர வண்டியில் வந்துகொண்டிருந்தார். கூப்பிட்டேன். பஞ்சாயத்தில் புதுசு வைக்கப்போகிறார்கள், இந்தப் பழசை எடுத்துக்கொண்டு போ என்றேன்.

துரை தகரத்தைத் தொட்டுப் பார்த்தார். “இன்னாம்மா, பெயின்ட்டே இன்னும் காயல. இத்தப் போயி பழசுன்றியே.”

“நான் காலேஜ் டீச்சர்ப்பா. பொய் சொல்வேனா?”

தகரத்தைப் பிடுங்கி வண்டியில் போட்டார். கயிற்றையும் அவிழ்த்துச் சுருட்டிக்கொண்டார்.

ஊர் திரும்பியதும் ஜெனிஃபரைக் கூப்பிட்டு, அங்கே பலகை இல்லை, என் கண்ணால் பார்த்தேன் என்றேன். தகரத்துக்காக யாராவது எடுத்திருப்பார்கள் என்றும் சொன்னேன். ஞாயிறு முடியட்டும், அதுவரைக்கும் அப்பாவிடம் பேச்செடுக்காதே என்றேன். சொன்னால் அந்த மனுஷர் சனிக்கிழமையே இன்னொரு பலகையோடு ஓடுவார்.

ஞாயிறு காலை கட்டுரை வந்தது. ஒரு வார்த்தைகூட வெட்டவில்லை.

அன்று மத்தியானம் பூங்கொடி, செல்வராஜ் என்று இரண்டு பேர் மாமல்லபுரத்திலிருந்து பைக்கில் திரும்பிக்கொண்டிருந்தார்கள். கம்பெனியில் வேலை பார்ப்பவர்கள், ஆவணியில் கல்யாணம். காலெல்லாம் கடல் மணல். கழுவிக்கொள்ளலாம் என்று பள்ளத்தின் பக்கம் வண்டியை நிறுத்தியிருக்கிறார்கள். பூங்கொடி இரண்டாவது அடி வைத்தாள். அவளைப் பிடிக்க அவனும் இறங்கினான்.

காலையில் கட்டுரை, மத்தியானம் இரண்டு உடல். மறுநாள் ஜெனிஃபரின் பெயர் முதல் பக்கத்தில் வந்தது. பயிற்சி இடமும் உடனே கிடைத்தது. எனக்கு வருத்தமில்லை என்று நினைக்காதீர்கள், இரண்டு நாள் சாப்பாடே இறங்கவில்லை. ஆனால் ஒன்று பாருங்கள். நாலு பேர் செத்தபோது எட்டிப் பார்க்காத அதிகாரிகள் இப்போது நாலு பக்கமும் கம்பிவேலி போட்டிருக்கிறார்கள். மோசஸின் நைலான் கயிறு ஒரு மழைக்குத் தாங்கியிருக்குமா?

பலகையைத் திருடியதாகத் துரையைப் பிடித்து வைத்திருக்கிறார்கள். ஒரு டீச்சரம்மாதான் கழற்றச் சொன்னார் என்று அவரும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார். யாரும் காதில் வாங்கவில்லை. ஜாமீன் கிடைத்துவிடும் என்கிறார்கள். அவர் சொல்வது உண்மை. கழற்றச் சொன்னது நான். அந்த இரண்டு பேரும் செத்தது என்னால்தான். உங்களிடம்தான் முதலில் சொல்கிறேன்.

இப்போது ஏன் சொல்கிறேன் என்றால், ஜெனிஃபர் அந்தப் படிப்பில் சேரவில்லை. சிறைக்குப் போய்த் துரையைப் பார்த்திருக்கிறாள். நேற்று எனக்கு ஒரு மின்னஞ்சல், ஆங்கிலத்தில். வெள்ளிக்கிழமை சாயங்காலம் எங்கே இருந்தீர்கள், துரையிடம் என்ன சொன்னீர்கள், அப்பாவிடம் சொல்லாதே என்று ஏன் தடுத்தீர்கள் என்று மூன்று கேள்வி. யார் மேல் குற்றம் சொல்கிறோமோ அவர் தரப்பையும் கேட்காமல் அச்சேற்றக்கூடாது, அதனால் புதன்கிழமைக்குள் பதில் வேண்டும் என்று எழுதியிருந்தாள். ‘அன்புள்ள’ என்பதை விட்டுவிட்டாள். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. இரண்டு இடத்தில் வாக்கியம் தொய்ந்திருந்தது. சரிசெய்து திருப்பி அனுப்பினேன். கேள்விகளுக்கு நான் பதில் எழுதவில்லை.

என்னைப் பற்றி அவள் எழுதும் கட்டுரை உங்களில் யாராவது ஒருவர் மேஜைக்கு வரும். அவள் பெயரோடு போடுங்கள்.

நீங்களும் எனக்கு எழுதுங்கள். ஒரு நல்ல கட்டுரைக்காக இதுபோல எதையாவது கொஞ்சம் நகர்த்தி வைத்திருப்பீர்கள், கூச்சப்படாதீர்கள். நடந்ததை நடந்தபடி ஆங்கிலத்தில் ஒரு பக்கத்துக்கு எழுதி அனுப்புங்கள். திருத்தித் தருகிறேன்.