படகோட்டத்தின் ரீபிளே

நேரலையில் வேலை செய்கிறவனுக்குச் சூடான தேநீர் கிடைப்பதே இல்லை, சேர். நீங்கள் தந்ததை ஆறுதலாகக் குடித்தேன். இனிச் சொல்கிறேன்.

திருகோணமலையில் கல்யாணமோ கால்பந்தோ, நேரலை என்றால் கமராக்களை மாற்றும் மேசையில் நான்தான் இருப்பேன். எந்தக் காட்சி திரைக்குப் போவது என்பதை என் விரல்தான் தீர்மானிக்கும். கிண்ணியாவிலிருந்து முனீபை வேலைக்குக் கூட்டி வந்ததும் நான்தான். அவன் காட்சிகளுக்கு இடையில் போடக் கணினியில் ஓர் அலை செய்தான். நீல அலை எழுந்து திரையை மூடும்; வடியும்போது ரீபிளே தொடங்கியிருக்கும். அதன் பிறகு என்னைக் கூப்பிடுகிறவர்கள், "முனீபும் வருவார்தானே?" என்று கேட்கத் தொடங்கினார்கள்.

அதைப் பொறுத்துக்கொண்டேன். ஒரு நாள் என் மனைவி ரிப்கா அந்த அலையைக் கைபேசியில் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது ஆர் செஞ்சது? என்ன வடிவா இருக்கு."

"முனீப்."

"நீங்களும் இப்பிடி ஒண்டு செய்யலாமே."

தவறாக எண்ணாதீர்கள், அவர்கள் இருவரும் நேரில் பேசியதுகூட இல்லை. ஆனால் என் வேலை எதையும் ரிப்கா இரண்டாம் முறை பார்த்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை உள்துறைமுகத்தில் படகோட்டம். பின்னேர வெயில் தண்ணீரில் பட்டுக் கண் கூசியதால் சனம் பெரிய திரையைத்தான் பார்த்தது. இறங்குதுறையில் நின்ற மீட்புப் படகுக்காரர்களும் அப்படியே. முடிவுக் கோட்டருகே ஒரு மிதவையில் முனீபைத் தனியாகக் கமராவுடன் நிறுத்தினேன். அவனுக்கு நீந்தத் தெரியாது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் கோணம் நல்லது. உயிர்காப்பு அங்கி கைக்கு இடைஞ்சல் என்று அவனே கழற்றி வைத்தான்.

வென்ற படகு கோட்டைக் கடந்ததும் நான் ரீபிளே போட்டேன். அலை திரையை மூடியது. படகு கிளப்பிய நீரில் மிதவை ஆடியதை என் முன்னிருந்த சிறிய திரையில் பார்த்தேன்; கரையில் ஆளில்லாமல் நிறுத்திய மூன்றாம் கமரா அதைக் காட்டியது. பிறகு மிதவையில் முனீப் இல்லை. தண்ணீருக்கு மேலே ஒரு கை தெரிந்தது. மற்றப் படகுகள் வெகு பின்னால் இருந்தன.

கரையில் இரண்டாம் கமராவைப் பிடித்திருந்த பிரகலாதன் என்னை அண்ணன் முறையில் 'நானா' என்பான். அவன் குரல் காதுக்கருவியில் கேட்டது.

"நானா, முனீப் தண்ணிக்குள்ள விழுந்திட்டான். லைவைக் காட்டுங்கோ, போட்காரர் பாக்கட்டும்."

"ஓம், பாத்தனான். போட் போகுது. நீ கமராவைச் சனத்துப் பக்கம் திருப்பு."

எந்தப் படகும் போகவில்லை. பிரகலாதன் என்னை நம்பினான். திருப்பினான்.

ரீபிளே முடிந்தது. அலையை விட்டேன். அதே காட்சி, மெதுவான வேகத்தில். மறுபடி அலை. பிறகு முனீபின் கமரா எடுத்த கோணத்தில். சனம் கைதட்டியது. நேரலைக்கு மாறும் பொத்தான் முழு நேரமும் என் விரலுக்குக் கீழேதான் இருந்தது.

சனம் கேட்டதைக் கொடுத்தேன் என்று முதலில் உங்களிடம் சொன்னேன். அது பொய். சிறிய திரையில் அந்தக் கை தாழும்வரை காத்திருந்தேன். அது தாழ்ந்த பிறகுதான் பொத்தானை அழுத்தினேன்.

முனீபின் மரணச் செய்தி கேட்டதிலிருந்து ரிப்கா அழுதுகொண்டிருக்கிறாள். ஒரு வார்த்தைகூடப் பேசிப் பழகாத ஒருவனுக்காக இவ்வளவு அழலாமா என்று அவளிடம் கேட்டுச் சொல்லுங்கள், சேர். எனக்கு விளங்காதது அது ஒன்றுதான்.