எட்வின் பாபாவின் சட்டை

பெயர் ராமாமிர்தம். வயது நாற்பத்திரண்டு இருக்கும். பதுளைக்கு அடுத்த வெள்ளைப்பாறைத் தோட்டம், கீழ் லயத்தில் குடியிருப்பு. பங்களாவில் ஆயா வேலை. 1917 ஆவணியில் பதுளைப் பொலிஸில் சொன்னது.

இல்லை, அந்தச் சட்டையை என் மகன் முத்தையா எடுக்கவில்லை. துணிப் பெட்டியைத் திறந்தது நான். அவன் பங்களாப் படி ஏறியதே இல்லை.

துரையின் மகன் எட்வின் பாபா பிறந்தபோது துரைசானிக்குக் கடுமையான காய்ச்சல். அப்போது முத்தையா கைக்குழந்தை. இருவருக்கும் நான்தான் பால் கொடுத்தேன். ஏழு வயதில் பாபாவைச் சீமைக்குப் படிக்க அனுப்பினார்கள். அதன்பின் நான் பார்க்கவில்லை.

சென்ற மாதம் தந்தி வந்தது. துரைசானி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். பாபா பட்டாளத்தில் சேர்ந்து ஆகாய விமானம் ஓட்டப் பழகினார் என்றும், அது விழுந்து இறந்துவிட்டார் என்றும் சமையல்காரர் அஸீஸ் சொன்னார்.

"சண்டையிலயா, அஸீஸ் நானா?" என்று கேட்டேன்.

"சண்டைக்கு இன்னும் போகவே இல்ல ஆயா. பழகுறப்பவே."

கையை விரித்து மாவுப் பலகைமேல் மெதுவாகக் கவிழ்த்துக் காட்டினார். மாவில் விரல்கள் பதிந்தன.

உடலை அங்கேயே அடக்கம் செய்துவிட்டார்களாம். அதன்பின் எனக்குச் சோறு இறங்கவில்லை. அந்தரத்தில் போன பிள்ளைக்கு இந்த மண்ணில் யாரும் ஒரு சடங்கும் செய்யவில்லை. பாபாவின் பழைய சட்டை ஒன்றைத் துரைசானியிடம் கேட்டேன். ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். நானே பெட்டியைத் திறந்து எடுத்தேன். வெள்ளிப் பொத்தான் வைத்த சின்ன நீலச் சட்டை.

வைக்கோலில் ஆள் கட்டி, அதற்குச் சட்டையை மாட்டி, ஆற்றோரத்தில் முத்தையா கொள்ளி வைத்தான். கொள்ளி வைக்கும்போது பெண்கள் அருகே போவதில்லை. நான் தேயிலைக்குள் நின்றேன். அதன்பின் அவன் மொட்டை அடித்துக்கொண்டான்.

மறுநாள் பெரட்டில் ஆள் கணக்கெடுக்கும்போது கங்காணி சிரித்தார்.

"அப்பன் குத்துக்கல்லாட்டம் நிக்கிறான். யாருக்குடா மொட்டை?"

"தம்பிக்குங்க."

"உனக்கேதுடா தம்பி?"

முத்தையா பங்களாவைக் காட்டினான். துரையும் பெரட்டில்தான் நின்றிருந்தார். விசாரித்தார். சட்டையை எரித்ததையும் அவன் மறைக்கவில்லை. அதன்பின், வெள்ளிப் பொத்தானுக்காகத் திருடினான் என்று துரை புகார் கொடுத்து, அவனைப் பிடித்து வந்தார்கள்.

அன்று மாலை துரைசானி தனியாக லயத்துக்கு வந்தார். இத்தனை வருடத்தில் வந்ததில்லை. "எங்கே?" என்று மட்டும் கேட்டார். கூட்டிப்போனேன். சாம்பலைக் கையுறையோடு கிளறினார். அதன்பின் கையுறையைக் கழற்றிவிட்டுக் கிளறினார். ஒரு பொத்தான் கிடைத்தது. அதைக் கொண்டுபோனார். மற்றவை அங்கேயே கிடக்கும். ஆள் அனுப்பிப் பாருங்கள்.

துரைசானியைச் சாட்சிக்கு அழைக்க வேண்டாம். துரைக்குத் தெரியாமல் வந்தவர். அனுமதி இல்லாமல் எடுத்தது குற்றம் என்றால் தண்டனை எனக்குக் கொடுங்கள். முத்தையாவை விடுங்கள்.

எழுதியதைப் பொலிஸ் எழுத்தர் ஸலீம் ஐயா எனக்கு வாசித்துக் காட்டினார். நான் சொன்னதுதான் இருக்கிறது, எல்லாம் உண்மை.

ராமாமிர்தம், இடது பெருவிரல் ரேகை.

எழுத்தர் குறிப்பு: ரேகை வைத்தபின் இவர் விரலைத் துடைக்காமல் காவலறைக் கம்பியருகே போனார். தன் தலையில் கட்டியிருந்த துணியை அவிழ்த்து, "குளிரும், கட்டிக்கடா," என்று மகனிடம் நீட்டினார்.