மாப்பிள்ளையின் திரை

பிழையைத் தேடிப்போய்ப் பார்க்கும் பொறுமை யாருக்கும் கிடையாது. அதுவே கண்முன் வந்து நிற்க வேண்டும். எங்கள் மென்பொருள் அலுவலகத்தில், எல்லோரும் எழுதிய நிரலைச் சேர்த்துக் கட்டும் பில்ட் ஓடும்போது வரும் எரரெல்லாம் தனியாக ஒரு கறுப்பு ஜன்னலில் கொட்டும். ஒருவரும் எட்டிப் பார்க்க மாட்டார்கள். அதனால் நிரல் எழுதும் திரையான எடிட்டருக்குள்ளேயே அவற்றைக் காட்ட ஒரு சின்ன புரோகிராம் எழுதினேன். தப்பான வரிக்கு அடியில் சிவப்புக் கோடு விழும். வெறும் எச்சரிக்கை என்றால் மஞ்சள்.

எல்லோரும் பாராட்டினார்கள். என் தங்கையின் கணவர் மட்டும் நிறைந்த கூட்டத்தில் எழுந்து, "மச்சான், கடைசி வரியில தப்பிருந்தா உங்க கோடு விழ மாட்டேங்குதே" என்றார். சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்றே சரிசெய்துவிட்டேன்.

அவருக்கு எங்கள் அலுவலகத்தில் வேலை வாங்கிக் கொடுத்தவன் நான். சிவப்பைப் பார்த்தால் அவருக்கு உள்ளங்கை வியர்க்கும். பாவமாக இருந்தது. அவருடைய எடிட்டரில் மட்டும் கோடே விழாதபடி செய்தேன்.

அவர் நிம்மதியாக எழுதி அனுப்பினார். மற்றவர்களுக்கு பில்ட் உடைந்தது. பக்கத்து மேசைக்காரர், "உங்க மாப்பிள்ளை கண்ணை வீட்டிலயே வெச்சிட்டு வந்துட்டாரா?" என்று என்னிடம் கேட்டார். மேனேஜர் இரண்டு முறை கூப்பிட்டுப் பேசினார்.

ஒருநாள் மாப்பிள்ளை அந்தக் கறுப்பு ஜன்னலைத் திறந்து பார்த்துவிட்டார். வரிசையாக எரர். என்னை அழைத்துப்போய் எடிட்டரைக் காட்டினார்.

"இங்க ஒண்ணுமே இல்லையே மச்சான்."

துடைத்துவிட்ட மாதிரி இருந்தது திரை. நான் குனிந்து நிதானமாகப் பார்த்தேன்.

"சிவப்பா இருக்கே மாப்பிள்ளை. உங்களுக்குத் தெரியலையா?"

பக்கத்து மேசைக்காரரைக் கூப்பிட எழுந்தார். வெளியே தெரிந்தால் வேலைக்கு ஆபத்து என்றேன். உட்கார்ந்துவிட்டார்.

கண்ணில் குறையில்லை என்றார் கண் டாக்டர். அதுதான் அவரை உடைத்தது. பிறகு வேறு டாக்டர், மாத்திரை. வேலையை விடுவதாக அவரே எழுதிக் கொடுத்துவிட்டார். இப்போது அடுப்பு எரிகிறதா, அணைந்திருக்கிறதா என்று மகளைக் கேட்கிறார். இது பிள்ளைக்கும் வருமா என்று தங்கை என்னிடம் அழுதாள். வராது என்று தைரியம் சொன்னேன். அது உண்மைதானே.

உண்மையை அவரிடம் சொல்லியிருக்கலாமே என்கிறீர்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் நான்தான் அவரை வெளியே கூட்டிப்போகிறேன். சாலையைக் கடக்கும்போது என் கையைப் பிடித்துக்கொள்வார். உலகத்தில் அவர் நம்புவது என் கண்ணை மட்டும்தான். அந்த ஒரு நம்பிக்கையையும் அவரிடமிருந்து பிடுங்க எனக்கு மனம் வரவில்லை.