ஒன்பது நாற்பத்திரண்டின் புள்ளி

மார்ச்சு ஒன்பதாம் நாள் இரவு நான் எடுத்த அளவீட்டை ஆய்வுமையம் நிராகரித்துவிட்டது. ஒரு புள்ளி பிசகியிருக்கிறதாம். முப்பத்தாறு ஆண்டுகள் ஆசிரியராயிருந்தேன். ஒரு பிழைக்காக எவருடைய விடைத்தாளையும் முழுவதாக அடித்ததில்லை.

விண்வெளித் தொலைநோக்கி ஒரு விண்மீனின் ஒளி மங்குவதைக் கண்டால், கோள் ஒன்று அதன் குறுக்கே கடக்கிறதோ என ஐயுறும். ஆனால் அதன் பார்வையில் பக்கத்து விண்மீன்களும் ஒன்றாய்க் கலந்துவிடும். உண்மையில் மங்கியது எது என்று தரையிலிருந்து பார்த்துச் சொல்வது என் போன்றோர் வேலை. இந்த மங்கல் மூன்று மணி நேரம் நீடிக்கும். தவறவிட்டால் எங்கள் வானில் மறுபடி தென்பட ஒன்பது ஆண்டுகளாகும். எனக்கு வயது எழுபத்துமூன்று.

என் தொலைநோக்கி இருக்கும் மொட்டைமாடிக்கு இரும்புப் படி. வெளிச்சம் ஆகாதென்று படி விளக்கை நானே கழற்றியிருந்தேன்.

"அந்த நட்சத்திரத்தையே கட்டிக்கிட்டிருக்கலாம் நீங்க. வேளாவேளைக்கு மாத்திரை எடுத்துக் குடுக்குமான்னு பார்த்திருப்பேன்," என்று என் மனைவி அன்று மாலையும் கேலி செய்தாள். நான் மாத்திரையை மறந்து மேலே போனேன். அவள் அதை எடுத்துக்கொண்டு படியேறினாள்.

ஒன்பது நாற்பத்திரண்டுக்குத் தளம் அதிர்ந்தது. விண்மீன் கணினித் திரையின் ஓரத்துக்கு ஓடியது.

"என்னங்க, விழுந்துட்டேன். தலையில ரத்தம் வருது. கொஞ்சம் வாங்களேன்."

அரை நிமிடத்தில் விண்மீனை நடுவுக்குக் கொண்டுவந்தேன். அதன்பின் பதில் சொன்னேன்.

"இதோ வரேன். அசையாம இரு."

தலையில் அடிபட்டவர் அசையக்கூடாது. படி அசைந்தால் தொலைநோக்கியும் அசையும். அவள் சொன்ன பேச்சைக் கேட்பவள், அசையவில்லை. பதினொரு மணிக்குள் இருமுறை கூப்பிட்டாள், மெதுவாகத்தான். பிறகு கூப்பிடவில்லை, தூங்கிவிட்டாள் என்று எடுத்துக்கொண்டேன். பன்னிரண்டு இருபத்தைந்துக்கு இறங்கினேன்.

'தவறி விழுந்து இறந்தார்' என்று காவல்துறை எழுதியிருக்கிறது. பொறுப்பற்ற வாக்கியம். விழுந்ததற்கும் இறந்திருந்ததை நான் கண்டதற்கும் இடையில் ஏறத்தாழ இரண்டே முக்கால் மணி நேரம் இருந்தது.

"அப்பா, அம்மா கூப்பிட்டது உங்களுக்குக் கேட்டுச்சா?" என்றாள் மகள். கேட்டது என்றேன். நான் பொய் சொல்வதில்லை. அவள் அதன்பின் என்னோடு பேசவில்லை.

மங்கியது பக்கத்து விண்மீன். அங்கே கோள் இல்லை. அதற்கான சான்று என்னிடம் மட்டுமே இருக்கிறது: அரை நிமிடத்துக்கு ஒன்றாக நானூறு புள்ளிகள். ஒன்றுதான் பிசகு, அதுவும் அவளால் வந்தது. மற்ற முந்நூற்றுத் தொண்ணூற்றொன்பதிலும் என் கை நடுங்கவில்லை என்பதை நீங்களே அளந்து பாருங்கள். பார்த்துவிட்டு, அந்த ஒன்றை நீக்கி மற்றவற்றை ஏற்கச் சொல்லி மையத்துக்கு எழுதுங்கள்.